ஏழாம் நம்பர் அறையும் வாக்கிய முடிவுத் தீர்மானமும்

தமிழ் வாக்கியத்தின் கடைசியில் எந்தக் குறியை வைப்பது என்ற மாபெரும் பிரச்சினை, 1958-ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஆமத்தூர்ப் பக்கம் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் நிரந்தரமாகத் தீர்க்கப்பட்டது. பண்டிதர்கள் இன்றுவரை இதை அறியாமல் இருப்பது அவர்களுடைய துர்ப்பாக்கியம். தீர்த்துவைத்தவர்கள் மூவர். முதலாமவர், மூக்குத்திக் கிளி மார்க் வாணவெடிக் கம்பெனியின் முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி. இரண்டாமவர், அவருடைய மைத்துனரும் மானேஜருமான லட்சுமிகாந்தம். மூன்றாமவர் அடியேன், கம்பெனி ரைட்டர் இராமகிருஷ்ணன். தற்பெருமை எனக்கு ஆகாது. ஆனாலும் மூவரில் இலக்கணம் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதை வரலாற்றின் நன்மைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பிரச்சினை எழுந்தது நாகப்பூரிலிருந்து. முந்தைய தீபாவளிக்கு அங்கே போன ஒரு லோடு சரக்கு மழையில் நனைந்துவிட்டது. ஏஜெண்டு தமிழர், 'சரக்கு நமத்துப் போய்விட்டது' என்று எழுதி, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தார். பேனாவில் மை கூடுதலாக இருந்திருக்க வேண்டும். புள்ளி மிளகு தண்டிக்கு இருந்தது. அண்ணாச்சி அந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை என்று வீட்டில் சொன்னார்களாம்.

நான்காம் நாள் கூட்டம் கூடியது. அண்ணாச்சி அந்தப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்கன பாருங்க. தீபாவளிக்கு மறுநாள் காலைல தெருவுல கெடக்கும்லா, வெடிக்காம நமத்துப்போன வெடி, அதே மாதிரி இருக்கு. இத நம்ம கடுதாசி ஒவ்வொண்ணுலயும் நாமளே வச்சி அனுப்பிக்கிட்டு இருக்கோம். யாவாரம் எப்படி வெளங்கும்?"

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட பார்வை. நாற்பது வருஷமாக முற்றுப்புள்ளி வைத்து வந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்துக் கேள்விக்குறி விவாதத்துக்கு வந்தது. மானேஜர் லட்சுமிகாந்தம் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, வளைந்துபோன கம்பி மத்தாப்புதான் இது, நம் கிடங்கில் கழிவுக்குத் தள்ளும் சரக்கு என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஆச்சரியக்குறி. அண்ணாச்சி அதைப் பார்த்த பார்வையில் ஒரு தகப்பனின் கனிவு இருந்தது. வாணம் மேலே போய்விட்டது, ஒரு பொறி கீழே விழுகிறது என்றார்.

இலக்கியத்தின் சார்பில் ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் நான் எழுப்பினேன். துக்கம் விசாரித்து எழுதும்போது என்ன செய்வது என்று கேட்டேன். துக்கத்தையும் சுறுசுறுப்பாகச் சொல்லலாமே என்றார் மானேஜர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'இன்று முதல் கம்பெனியை விட்டு வெளியேறும் வாக்கியங்களும் கம்பெனிக்குள் நுழையும் வாக்கியங்களும் ஆச்சரியக்குறியிலேயே முடிதல் வேண்டும்! மீறுபவை திருப்பி அனுப்பப்படும்!'

(இதை நான் என் வீட்டில் உட்கார்ந்து, என் சொந்த மையில் எழுதுகிறேன். ஆகவே முற்றுப்புள்ளிகளைத் தாராளமாக வைத்திருக்கிறேன். தீர்மான மீறல் என்று யாரும் கருத வேண்டாம்.)

தீர்மானத்தை 'அமல்படுத்த' என் மேசை மேல் மூன்று மரப்பெட்டிகள் வந்தன. முற்றுப்புள்ளியில் முடிந்த காகிதம் முதல் பெட்டிக்கு. அது எழுதியவருக்கே திரும்பிப் போகும். கேள்விக்குறியில் முடிந்த காகிதம் இரண்டாவது பெட்டிக்கு. அது மானேஜரிடம் 'விசாரணைக்கு'ப் போகும். ஆச்சரியக்குறியில் முடிந்த காகிதம் மூன்றாவது பெட்டிக்கு. அது அச்சுக்குத் தகுதி பெற்றுவிட்டது என்று அர்த்தம். ஆபீஸின் பின்கட்டில் எங்களுக்குச் சின்னதாய் ஓர் அச்சகம் உண்டு. வெடிப் பெட்டிக்குள் வைக்கும் துண்டு நோட்டீஸை எல்லாம் அங்கேதான் அடிப்போம். ஒருமுறை ஜபல்பூர் வியாபாரி ஒருவர் 'உங்கள் சரக்கு பிரமாதம்!' என்று எழுதியது அப்படியே மூன்றாவது பெட்டி வழியாக அச்சேறி, இருபதாயிரம் நோட்டீஸாக வெளியே வந்தது. அண்ணாச்சி பூரித்துப் போனார். அன்று முதல் மூன்றாவது பெட்டியில் விழுவது எதுவானாலும் தயங்காமல் அச்சடி என்பது சட்டமாயிற்று.

இதனால் எனக்கு ஏற்பட்ட வசதியைச் சொல்லி முடியாது. முன்பெல்லாம் தபால் வந்தால் முதல் வரியிலிருந்து படித்தாக வேண்டும். கையெழுத்து ஒன்றும் புரியாது, கண் எரியும். இப்போது காகிதத்தின் கடைசியை மட்டும் பார்த்தால் போதும். ஒரு நாள் வேலை வெற்றிலை போடும் நேரத்தில் முடிந்தது. எழுத்தறிவின் உச்சநிலை என்பது படிக்காமலேயே வேலை முடிப்பதுதான் என்று அப்போது நான் கண்டுகொண்டேன்.

கம்பெனியே களை கட்டிவிட்டது. காரியாபட்டி வியாபாரிக்கு, 'தங்கள் தகப்பனார் காலமான செய்தி கிடைத்தது!' என்று எழுதினோம். அவர் பிறகு ஆர்டர் அனுப்பவில்லை; துக்கம் தாளவில்லை போலிருக்கிறது. தொழிற்சாலைச் சுவரில் 'தீப்பெட்டி கொண்டு வராதே!' என்ற பலகையும் 'அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வாழ்த்து!' என்ற பலகையும் அருகருகே தொங்கின. ஜனங்கள் இரண்டையும் ஒரே பிரியத்தோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்படி எல்லாம் செம்மையாக நடந்துகொண்டிருந்தபோதுதான் முத்துப்பேச்சி வந்தாள்.

முத்துப்பேச்சி ஏழாம் நம்பர் அறையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் ஐந்து பெண்களில் ஒருத்தி. முப்பது வயதிருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் மற்ற நாலு பேருக்கும் எழுதுவது படிப்பதெல்லாம் அவள் பொறுப்பு. மாசி மாதம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கை கால் கழுவிக்கொண்டு ஆபீஸ் ஜன்னலண்டை வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம். வாயைத் திறந்து என்னவோ சொல்லத் தொடங்கினாள். நான் கையை உயர்த்தித் தடுத்துவிட்டேன். பேச்சின் கடைசியில் என்ன குறி இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வாய்மொழி விண்ணப்பங்கள் தீர்மானத்துக்குள் அடங்கா. எழுத்தில் கொடு என்றேன். கொடுத்தாள். கடைசியைப் பார்த்தேன். முற்றுப்புள்ளி. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. நீங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏழாம் நம்பர் அறைக்கு ஒரே கதவு. அது உள்பக்கமாகத் திறப்பது. மருந்து அறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது சர்க்கார் விதி. சோதனைக்கு அதிகாரி வரும் நாளில் எல்லாக் கதவையும் காற்றுக்காகத் திறந்தே வைத்திருப்பது எங்கள் வழக்கம் என்பதால் அவருக்கும் அது தெரியவில்லை. தீப்பிடித்தால் ஐந்து பேரும் கதவை நோக்கித்தான் ஓடுவார்கள். எல்லாரும் சேர்ந்து தள்ளினால் உள்பக்கம் திறக்கும் கதவு எப்படித் திறக்கும்? முத்துப்பேச்சி உட்காருவது கதவுக்கு எட்டத்தில், கடைசிச் சுவரோரம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றித் தர வேண்டும் என்பதுதான் அவள் விண்ணப்பம்.

பங்குனியில் மறுபடி வந்தாள். யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும். இம்முறை 'கதவை மாற்றித் தருவீர்களா?' என்று முடித்திருந்தாள். கேள்விக்குறி. இரண்டாவது பெட்டியில் போட்டேன். மானேஜர் முறைப்படி விசாரணை நடத்தினார். பன்னிரண்டு நாளில் அவரிடமிருந்து பதில் வந்தது: 'எந்தக் கதவு!' அவர் உண்மையில் கேட்டது கேள்விதான். தீர்மானம் தீர்மானம்தானே. முத்துப்பேச்சி அதே காகிதத்தின் அடியில் 'ஏழாம் நம்பர் அறைக் கதவு.' என்று எழுதிக் கொண்டுவந்தாள். புள்ளியைப் பார்த்ததும் எனக்கு அவள் மேல் பரிதாபமே வந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அதே தவறா?

"ஏன் ரைட்டரய்யா, கடைசில என்ன இருக்குன்னுதான் பாப்பீகளா?" என்று கேட்டாள்.

"அங்கதானம்மா விசயமே இருக்கு" என்றேன். இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமை தரும் பதில் அது.

ஆனி மாதம் ஒரு நாள் காலையில், பக்கத்து ஆறாம் நம்பர் அறையில் ஒரு தட்டு மருந்து உரசலில் பற்றிக்கொண்டது. பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே இருந்த இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். மணலை அள்ளிப் போட்டு அணைத்தாயிற்று. ஆனால் புகை ஏழாம் நம்பருக்குள் போய்விட்டது. உள்ளே இருந்த ஐந்து பேரும் கதவில் போய் மோதியிருக்கிறார்கள். முன்னால் நின்ற பஞ்சம்மாளின் விரல் கதவிடுக்கில் சிக்கி நசுங்கியது. பின்னால் இருந்த முத்துப்பேச்சி, முன்னே நின்றவர்களைச் சேலையைப் பிடித்து ஒவ்வொருத்தியாகப் பின்னுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கதவை உள்பக்கம் இழுத்துத் திறந்திருக்கிறாள். எல்லாரும் இருமிக்கொண்டே வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை ஆபீஸ் வரை கேட்டது.

கம்பெனி உடனடி நடவடிக்கை எடுத்தது. அன்று மாலையே என் கைப்பட ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'ஏழாம் நம்பர் அறையினர் இன்று தாமதமாக வெளியேறினர்! சுறுசுறுப்பு தேவை!' ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது கேள்வியாகிவிடும்.

மறுநாள் முத்துப்பேச்சி அந்தப் பலகையின் எதிரே வெகுநேரம் நின்று படித்தாள். அதற்கடுத்த நாள் நான்காவது தடவையாகக் காகிதத்தோடு வந்தாள். வாங்கிக் கடைசியைப் பார்த்தேன். ஆகா, ஆச்சரியக்குறி. அதுவும் கோணல் இல்லாமல், குத்திட்டு நின்றது. என் கண் கலங்கிவிட்டது. ஒரு பாமரப் பெண்ணை ஐந்தே மாதத்தில் இலக்கியவாதி ஆக்கிய கம்பெனி இந்தியாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நன்றாக எழுதக் கற்றுக்கொண்டாய் என்று மனசாரப் பாராட்டினேன்.

"அப்ப மாத்திருவீகளா?" என்றாள்.

நான் காகிதத்தை அவள் கண் முன்னாலேயே மூன்றாவது பெட்டியில் போட்டேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

சீசன் தொடங்கிவிட்ட நேரம். அச்சகத்தில் வெள்ளைத்துரை ஒற்றை ஆளாக எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். புஸ்வாணப் பெட்டிக்குள் வைக்க அவசரமாக ஒரு நோட்டீஸ் தேவைப்பட்டது. மூன்றாவது பெட்டியில் மேலாகக் கிடந்த காகிதத்தை எடுத்துக் கோத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அச்செழுத்து தலைகீழாக இருக்கும். அவர் எழுத்தை ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார், வாக்கியம் அவருக்குத் தேவையில்லை. அச்சடித்துப் பார்த்த முதல் பிரதி என் மேசைக்குத் திருத்தத்துக்கு வந்தது. நான்கு வாக்கியம், நான்கு ஆச்சரியக்குறி. நான்கும் நேராக நிற்கின்றனவா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரிபார்த்தேன். 'திருத்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ரோஸ் காகிதத்தில் பதினைந்தாயிரம் பிரதி ஓடியது:

'ஏழாம் நம்பர் அறையில் ஐந்து பேர் மருந்து அடைக்கிறோம்! கதவு உள்பக்கமாகத் திறக்கிறது! தீப்பிடித்தால் எங்களால் வெளியே ஓட முடியாது! கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றித் தர வேண்டும்!'

கீழே, மூக்கில் மூக்குத்தியோடு எங்கள் கிளி சிரித்துக்கொண்டிருந்தது.

பெட்டி கட்டும் கொட்டகையில் நோட்டீஸ் கட்டைப் பிரித்த பெண்கள், இதில் என்ன போட்டிருக்கிறது என்று முத்துப்பேச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். அவள் இரண்டு தடவை படித்தாளாம். வெளியே எட்டிப் பார்த்தாளாம். பிறகு, "கம்பெனி அச்சடிச்சிக் குடுத்திருக்கு. பேசாம உள்ள வையிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாளாம்.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. போனது. அதற்கு மூன்றாம் நாள் முதல் தபால் வரத் தொடங்கியது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாத்தியார். கோயம்புத்தூரிலிருந்து மில் தொழிலாளர் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கார்டு. காரைக்குடியிலிருந்து ஓர் அம்மாள். மதராஸிலிருந்து மட்டும் இருபத்தாறு. ஒரு வாரத்தில் நூற்று நாற்பது கடிதம். ஒன்றின் கடைசியிலும் ஆச்சரியக்குறி இல்லை. எல்லாம் கேள்விக்குறிகள், வளைந்த கம்பிகள். இரண்டாவது பெட்டி நிரம்பி வழிந்தது. மானேஜர் முதல் பன்னிரண்டு பேருக்கு 'எந்தக் கதவு!' என்று பதில் போட்டார். அவர்களில் பத்துப் பேர் மறுதபாலிலும், இரண்டு பேர் செலவையும் பார்க்காமல் தந்தியிலும், இன்னும் மாற்றவில்லையா என்று கேட்டார்கள். திருச்சியிலிருந்து ஒரு குழந்தை, கோடு போட்ட தாளில் எழுதியிருந்தது: 'ஏழாம் நம்பர் அக்காமார் வெளியே வந்துவிட்டார்களா? அவர்கள் வந்த பிறகுதான் புஸ்வாணம் வைக்க வேண்டும் என்று தங்கச்சி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். எப்போது வைக்கலாம்?'

இந்தக் கடிதத்தை மானேஜர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனார். அண்ணாச்சி எங்கள் இருவரையும் நிற்க வைத்துவிட்டு ரோஸ் நோட்டீஸை வாங்கினார். முதல் வரியிலிருந்து படித்தார். மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏழாம் நம்பர் அறைக்கு நடந்தார். ஆபீஸிலிருந்து அது எண்ணி எண்பது தப்படி. உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். ஐந்து பெண்களோடு தாமும் நின்று கதவை வெளியே தள்ளிப் பார்த்தார். வெளியே நின்ற எங்களுக்குக் கதவு அதிரும் சத்தம்தான் கேட்டது. சற்றுப் பொறுத்துக் கதவு உள்பக்கம் திறந்து அண்ணாச்சி வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை. தச்சர் சங்கையாவைக் கூட்டி வரச் சொன்னார்.

சங்கையா கதவைக் கழற்றினார். நிலையின் மறுபக்கம் கீலை வைத்து, எட்டுத் திருகாணி முடுக்கினார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி" என்றார் சங்கையா. அண்ணாச்சி அங்கேயே ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மானேஜர் தலைமையில் முறையான விசாரணை நடந்தது. மாசி முதல் கார்த்திகை வரை எல்லாரும் தீர்மானத்தின்படியே நடந்திருக்கிறார்கள், எவர் மேலும் தவறில்லை என்று முடிவாயிற்று. திருச்சிக் குழந்தைக்கு அண்ணாச்சியே தம் கைப்படப் பதில் எழுதினார். என்ன குறி போட்டார் என்று எனக்குக் காட்டவில்லை. நான் மட்டும் உள்ளூர மகிழ்ந்தேன். எங்கள் தீர்மானம் மட்டும் இல்லாதிருந்தால் அந்த விண்ணப்பம் அச்சேறியிருக்குமா, நாடு அறிந்திருக்குமா, கதவுதான் திரும்பியிருக்குமா? ஐந்து உயிரைக் காத்தது ஆச்சரியக்குறி. அதைப் பேணிக் காத்தவன் நான். யாராவது வந்து நன்றி சொல்வார்கள் என்று சாயங்காலம் வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.

முத்துப்பேச்சி வந்தாள். கையில் காகிதம் இல்லை.

"ரைட்டரய்யா, ஒண்ணு கேக்கணும். நாலு தடவ ஒங்க கையிலதான் கொண்டாந்து குடுத்தேன். அச்சடிக்கிறதுக்கு முந்தியும் நீங்கதான் பாத்துக் கையெழுத்துப் போட்டீகளாம். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீகளா?"

என்னத்தைச் சொல்ல? எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் நான். பஞ்சாயத்து ஆபீஸ் முதல் பள்ளிக்கூடம் வரை, சந்தேகம் என்றால் என்னிடம்தான் காகிதத்தைக் கொண்டுவருவார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணிடம், படிக்கவில்லை என்று சொன்னால் மானம் போய்விடாதா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"படிக்காம கையெழுத்துப் போடுறவனாம்மா நான்? நாலு தடவையும், ஒரு எழுத்து விடாமப் படிச்சேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"படிக்கலன்னு சொல்லுவீகன்னு நெனச்சுத்தான் வந்தேன். படிக்காம விட்டிருந்தா மன்னிச்சிட்டுப் போயிரலாம்னு இருந்தேன்" என்றாள். "அப்பத் தெரிஞ்சேதான் எங்க அஞ்சு பேரையும் உள்ள வச்சிருந்திருக்கீக."